கிட்னி பேஷண்டோட எலும்பைக் காப்பாத்தணுமா, குடல்ல இருந்து ஆரம்பிங்க: முழுமையான வழிகாட்டி

கிட்னி பிரச்சனை இருக்கிறவங்களுக்கு இடுப்பு வலி, கால் எலும்பு வலின்னு வந்துட்டா வீட்ல எல்லாரும் முதல்ல சொல்றது கால்சியம் மாத்திரை போடு, ஆட்டுக்கால் சூப் குடி, பிரண்டை துவையல் அரைச்சு சாப்பிடு. அக்கறைல தான் சொல்றாங்க, ஆனா கிட்னி பேஷண்டுக்கு இந்த மூணுமே கெடுதலா முடியலாம். சூப்ல உப்பும் பாஸ்பேட்டும் சேர்ந்து வருது, பிரண்டைல ஆக்சலேட் (கால்சியத்தோட சேர்ந்து கிட்னில படியக்கூடிய உப்பு) இருக்கு, டாக்டர் சொல்லாம போடற கால்சியம் எலும்புக்குப் போறதுக்கு பதிலா ரத்தக்குழாய்ல போய் படியலாம். வயசான எல்லாருக்கும் எலும்பு தேயற மாதிரி இவங்களுக்கு தேயறதில்ல, இது வேற கணக்கு. அந்தக் கணக்குல குடலுக்கு எவ்வளவு பங்கு இருக்குன்னு ஓபில பத்து நிமிஷத்துல யாராலயும் சொல்லி முடிக்க முடியாது. எங்க வீட்லயும் கிட்னி பேஷண்ட் இருக்காங்க, அதனால படிச்சு, டாக்டர்கிட்டயும் டயட்டீஷியன்கிட்டயும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை ஒரே இடத்துல எழுதறேன். இதுல எதை மாத்தறதா இருந்தாலும் உங்க நெஃப்ராலஜிஸ்ட்கிட்ட (கிட்னி டாக்டர்) சொல்லிட்டு மாத்துங்க, ஏன்னா கிட்னி நோயோட அஞ்சு நிலைல நடு நிலையான ஸ்டேஜ் 3ல இருக்கிறவருக்கு சரியா இருக்கிறது டயாலிசிஸ்ல இருக்கிறவருக்கு ஆபத்தா இருக்கலாம்.

முதல்ல உள்ள என்ன நடக்குது

கிட்னி யூரின் பிரிக்கிறதோட நிறுத்திக்கிறதில்ல. வைட்டமின் டியை உடம்பு பயன்படுத்தற வடிவத்துக்கு மாத்தறது, மிச்சமான பாஸ்பேட்டையும் ஆசிடையும் வெளியேத்தறது எல்லாம் அதோட வேலை தான். கிட்னி தளர ஆரம்பிச்சதும் எலும்பு செல்கள் எஃப்ஜிஎஃப்-23ன்னு ஒரு ஹார்மோனை அதிகமா விடுது, பாஸ்பேட்டை எப்படியாவது யூரின்ல தள்ளிடணும்னு. ஆனா அதே ஹார்மோன் ஆக்டிவ் வைட்டமின் டியைக் குறைச்சிடும், அது குறைஞ்சா குடல்ல இருந்து கால்சியம் ஏறாது, உடனே கழுத்துல இருக்கிற பாராதைராய்டு சுரப்பி பிடிஎச் ஹார்மோனை ஏத்திவிட்டு எலும்புல இருந்து கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும். இப்படி எலும்பு, ரத்தத்துல இருக்கிற தாதுக்கள், ரத்தக்குழாய் மூணும் சேர்ந்து கெடறதால 2006ல கேடிகோங்கிற சர்வதேச கிட்னி அமைப்பு இதுக்கு சிகேடி-எம்பிடின்னு (கிட்னி நோயால வர்ற தாது, எலும்பு கோளாறு) தனிப் பேரே வெச்சாங்க. அமெரிக்க டயாலிசிஸ் பேஷண்ட்ஸை வெச்சு 2000ல வந்த ஒரு ஆய்வுல இடுப்பு எலும்பு முறிவு மத்தவங்களை விட 4 மடங்குக்கு மேல இருந்துச்சு. சாதாரண விஷயம் இல்ல.

இப்ப குடலுக்கு வருவோம். கிட்னி வெளியேத்தாத யூரியா ரத்தத்துல ஏறி குடலுக்குள்ள கசியும், அங்க இருக்கிற சில பாக்டீரியா அதை அமோனியாவா மாத்திடும். அமோனியாவால குடல் சுவர்ல செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல இருக்கிற பிடிமானம், அதாவது செங்கலுக்கு நடுவுல இருக்கிற சிமெண்ட் பூச்சு மாதிரி ஒண்ணு, அரிச்சுப் போயிடுது. அந்த இடைவெளி வழியா பாக்டீரியாவோட நச்சுத் துண்டுகள் ரத்தத்துக்குள்ள போய் உடம்பு முழுக்க சத்தமில்லாத ஒரு அழற்சியை உண்டாக்கும். அழற்சி இருந்தா எலும்பை கரைக்கிற செல்களுக்கு கொண்டாட்டம், எலும்பை கட்டற செல்கள் சுணங்கிடும்.

ரெண்டாவது விஷயம் இன்னும் நேரடியானது. நாம சாப்பிடற புரோட்டீன்ல செரிக்காம பெருங்குடலுக்குப் போற பகுதியை பாக்டீரியா உடைச்சு இண்டோல், பி-கிரசால்னு பொருட்களை உண்டாக்குது, உடம்பு அதை இண்டாக்சில் சல்பேட், பி-கிரசில் சல்பேட்டா மாத்தும். கிட்னி நல்லா இருந்தா யூரின்ல போயிடும், இல்லன்னா ரத்தத்துல தேங்கும். இண்டாக்சில் சல்பேட் எலும்பு கட்டற செல்லுக்குள்ளயே நுழைஞ்சு அதை வாட்டுது, பிடிஎச் ஹார்மோன் சொல்றதை அந்த செல் கேக்காத மாதிரி ஆக்கிடுதுன்னு லேப் ஆய்வுகள்ல பார்த்திருக்காங்க. சரி டயாலிசிஸ் பண்ணினா போயிடாதான்னு கேட்டா, முழுசா போகாது, ஏன்னா இது ரெண்டும் ரத்தத்துல ஆல்புமின்ங்கிற புரோட்டீனோட ஒட்டிக்கிட்டே சுத்தும், ஃபில்டர் வழியா கொஞ்சம் தான் வெளிய வரும். இது குடல்ல இருந்து தான் வருதுங்கிறதுக்கு நல்ல ஆதாரம் 2011ல வந்துச்சு: ஆபரேஷன்ல பெருங்குடலை எடுத்துட்ட டயாலிசிஸ் பேஷண்ட்ஸோட ரத்தத்துல இந்த ரெண்டு நச்சும் ரொம்ப ரொம்ப கம்மியா இருந்துச்சு.

மூணாவது, நார்ச்சத்து. நல்ல பாக்டீரியா நார்ச்சத்தை சாப்பிட்டு பியூட்டிரேட்னு ஒரு கொழுப்பு அமிலம் தரும். குடல் சுவரோட செல்களுக்கு அது தான் சாப்பாடு, எலிகள்ல எலும்பு வளர்ச்சிக்கும் அது உதவுறதை காட்டியிருக்காங்க. ஆனா கிட்னி பேஷண்டுக்கு பொட்டாசியம் பயத்துல பழம், காய், பருப்பு, கீரை எல்லாத்தையும் நிறுத்திடறோம், வெறும் வெள்ளை சாதமும் ரசமும்னு போகுது, நார்ச்சத்தும் சேர்ந்து நின்னு போயிடுது. வைட்டமின் கே-யும் இதுல அடிபடும், கீரையிலயும் கிடைக்கும், குடல் பாக்டீரியாவும் கொஞ்சம் தயாரிக்கும், எலும்புல கால்சியம் சரியா பிணையறதுக்கு அது வேணும்.

ஒண்ணை நேர்மையா சொல்லிடறேன், குடலை சரி பண்ணினா எலும்பு முறிவு குறையும்னு பெரிய ட்ரையல்ல நிரூபிக்கப்படலை. நச்சு அளவு குறையறதை காட்டியிருக்காங்க, அவ்வளவு தான். இருந்தாலும் கீழ சொல்ற பெரும்பாலான விஷயம் பொட்டாசியம், பாஸ்பேட், மலச்சிக்கல் எல்லாத்துக்கும் எப்படியும் செய்ய வேண்டியது தான், அதனால செஞ்சா நஷ்டம் இல்ல.

ஸ்டெப் 1: ரிப்போர்ட்டை கையில எடுங்க

கிரியாட்டினின் ஒண்ணை மட்டும் பார்த்துட்டு ஃபைலை மூடிடாதீங்க. கால்சியம், பாஸ்பரஸ் (பாஸ்பேட்டைத் தான் ரிப்போர்ட்ல இப்படி போடுவாங்க), பிடிஎச், ஆல்கலைன் பாஸ்படேஸ், 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி, பைகார்பனேட் (ரத்தத்துல ஆசிடை சமன் பண்ற காரம்), பொட்டாசியம், ஆல்புமின், இதெல்லாம் கடைசியா எப்ப பார்த்தாங்கன்னு தேதியோட ஒரு நோட்ல எழுதுங்க. ஒரு நம்பரை விட அது ஏறுதா இறங்குதாங்கிறது தான் முக்கியம். பிடிஎச் விஷயத்துல நிறைய பேர் பயந்துடறாங்க, டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்கு நார்மல் மேல் வரம்போட 2ல இருந்து 9 மடங்கு வரைக்கும் ஏத்துக்கலாம்னு தான் கேடிகோ சொல்லுது, லேப் ரிப்போர்ட்ல சிவப்புல "ஹை"ன்னு போட்டிருந்தாலே ஆபத்துன்னு இல்ல. இன்னும் சொல்லப்போனா ரொம்ப அழுத்தி குறைச்சிட்டா எலும்பு புதுப்பிக்கறதே நின்னு போற அடைனமிக் எலும்பு நோய் வரும், அதுவும் உடையற எலும்பு தான்.

ஸ்டெப் 2: மோஷன் சரியா போகுதான்னு பாருங்க

இது தான் எல்லாத்துக்கும் அஸ்திவாரம், ஆனா வெக்கப்பட்டு டாக்டர்கிட்ட சொல்லாம விடற விஷயமும் இது தான். கிட்னி பேஷண்டுக்கு மலச்சிக்கல் வர காரணம் ஏகப்பட்டது இருக்கு, தண்ணி அளவா குடிக்கணும், நார்ச்சத்து இல்ல, இரும்பு மாத்திரை, பாஸ்பேட் பைண்டர் (சாப்பாட்டுல இருக்கிற பாஸ்பேட்டைப் பிடிச்சுக்கிற மாத்திரை), பொட்டாசியம் குறைக்கிற பொடி எல்லாமே மலத்தை இறுக்கும், சுகர் இருந்தா குடல் நரம்பே மந்தமாயிடும், டயாலிசிஸ் நாள்ல நாலு மணி நேரம் படுத்தே கிடக்கணும். மலம் உள்ள தங்க தங்க பாக்டீரியாவுக்கு புரோட்டீனை அழுக வைக்க டைம் கிடைக்குது, மேல சொன்ன நச்சு கூடுது. இன்னொண்ணு, கிட்னி வேலை செய்யாதப்ப பொட்டாசியத்தை வெளியேத்தற வேலையில கொஞ்சத்தை பெருங்குடல் எடுத்துக்குது, அதனால மலச்சிக்கல் வந்தா பொட்டாசியமும் ஏறும். சாப்பாட்டுல ஒண்ணும் மாத்தலையே, ஏன் பொட்டாசியம் ஏறுச்சுன்னு குழம்பறவங்க இதை கண்டிப்பா பாருங்க.

ரெண்டு வாரத்துக்கு காலண்டர்லயே டிக் அடிச்சு வையுங்க, போன நாள், கெட்டியா இளக்கமா, முக்க வேண்டி இருந்துச்சா. அதோட டாக்டர்கிட்ட போனா அவங்களுக்கு முடிவு எடுக்க சுலபம். கிட்னி பேஷண்டுக்கு அதிகமா எழுதித் தரது லாக்டுலோஸ் சிரப், அது குடல்ல அமிலத் தன்மையையும் கொஞ்சம் கூட்டும். நீங்களா மெடிக்கல்ல போய் வாங்கக் கூடாதது மில்க் ஆஃப் மெக்னீசியா மாதிரி மெக்னீசியம் இருக்கிறது, அப்புறம் சோடியம் பாஸ்பேட் எனிமா. பாஸ்பேட் எனிமா மிச்சம் இருக்கிற கிட்னியையும் அடிச்சிடும், இதை வீட்ல எல்லாருக்கும் சொல்லி வையுங்க, ஏன்னா வேற ஆபரேஷனுக்கோ கொலனோஸ்கோப்பிக்கோ போகும்போது அங்க இருக்கிறவங்களுக்கு உங்க கிட்னி நிலைமை தெரியாம குடுத்துட வாய்ப்பு இருக்கு. இசப்கோல் நல்லது தான், ஆனா போதுமான தண்ணி இல்லாம எடுத்தா அதுவே அடைச்சிக்கும், ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்னு கட்டுப்பாடு இருக்கிறவங்க கேட்டுட்டு தான் எடுக்கணும். நிலாவாரை பொடி, திரிபலான்னு ஏதாவது எடுத்துக்கிட்டு இருந்தா மறைக்காம சொல்லுங்க, டாக்டர் திட்டினாலும் பரவால்ல.

ஸ்டெப் 3: மாத்திரை பையை கொட்டிப் பாருங்க

அடுத்த விசிட்டுக்கு எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. முக்கியமா பார்க்க வேண்டியது காலைல வெறும் வயித்துல போடற கேஸ் மாத்திரை, பேன்டோபிரசோல் வகை. எப்பவோ ஆஸ்பத்திரில இருந்தப்ப எழுதினது வருஷக்கணக்கா ஓடிக்கிட்டு இருக்கும், ஏன் போடறோம்னே தெரியாது. ரொம்ப நாள் எடுக்கிறவங்களுக்கு எலும்பு முறிவு அதிகமா இருக்கறதை நிறைய ஆய்வுகள் காட்டியிருக்கு, குடல் பாக்டீரியாவும் மாறுது, கால்சியம் கார்பனேட் கரையறதுக்கு வயித்து ஆசிட் வேணும், அதுவும் குறைஞ்சிடும். அல்சர் இருந்தவங்க, ஆஸ்பிரின் மாதிரி மருந்து போடறவங்களுக்கு அது தேவையா இருக்கலாம், அதனால நீங்களா நிறுத்தாதீங்க, "இது இன்னும் வேணுமா டாக்டர்"னு ஒரு கேள்வி கேட்டா போதும்.

நெஞ்செரிச்சலுக்கு குடிக்கிற ஆண்டாசிட் சிரப்கள்ல அலுமினியமும் மெக்னீசியமும் இருக்கும், கிட்னி பேஷண்டுக்கு அலுமினியம் எலும்புலயே போய் படியும். முட்டி வலிக்குன்னு போடற வலி மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்னு எல்லாருக்கும் தெரியும், அது குடல் சுவரையும் புண்ணாக்கும். சளி காய்ச்சலுக்கெல்லாம் ஆண்டிபயாடிக் கேட்டு வாங்காதீங்க, ஒவ்வொரு தடவையும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து அடி வாங்குது.

60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டை பால்ல கலந்து வாராவாரம் குடிக்கிற பழக்கம் நம்ம ஊர்ல ரொம்ப சகஜமாயிடுச்சு. குறைபாடு இருந்தா டாக்டரே தருவாங்க. அளவு தெரியாம குடிச்சா கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து ஏறும்.

ஸ்டெப் 4: பொட்டாசியம் ஏறாம நார்ச்சத்தை திரும்ப கொண்டு வாங்க

இது தான் கஷ்டமான ஸ்டெப், ஆனா பலன் அதிகம் இங்க தான். பொட்டாசியம் நார்மலா இருக்கிற ஸ்டேஜ் 3 ஆளு டயாலிசிஸ் பேஷண்டோட டயட் சார்ட்டை எடுத்து சாப்பிட வேண்டிய அவசியமே இல்ல, தேவையில்லாம காய் பழத்தை நிறுத்தறது குடலுக்கு செய்யற அநியாயம்.

பொட்டாசியம் தொல்லை இருக்கிறவங்களுக்கு சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், கோவைக்காய், முட்டைகோஸ், வெள்ளரி இதெல்லாம் ஓரளவு பாதுகாப்பு. காயை சின்னதா நறுக்கி நிறைய தண்ணில கொதிக்க வெச்சு அந்தத் தண்ணியை கொட்டிட்டு அப்புறம் தாளிச்சா பொட்டாசியம் நல்லா குறையும், வெறுமனே ஊற வைக்கிறதை விட கொதிக்க வைக்கிறது தான் வேலை செய்யும். பருப்பையும் ஊற வெச்சு, அந்தத் தண்ணியை கொட்டிட்டு வேக வையுங்க. பழத்துல ஆப்பிள், பேரிக்காய், அன்னாசி கொஞ்சமா ஓகே. இளநீர் வேண்டாம். வாழைத்தண்டு ஜூஸ் கிட்னி கல்லுக்கு சொல்றது, கிட்னி செயலிழப்புக்கு இல்ல, இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டு தினமும் ஒரு டம்ளர் குடிக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க, தயவு செஞ்சு நிறுத்துங்க. நட்சத்திரப் பழம் ஒரு துண்டு கூட வேண்டாம், அதுல இருக்கிற நச்சு கிட்னி பேஷண்டோட மூளையைத் தாக்கும், விக்கல்ல ஆரம்பிச்சு வலிப்பு வரைக்கும் போய் உயிரே போயிருக்கு. "சோடியம் கம்மி" உப்புல சோடியத்துக்கு பதிலா பொட்டாசியம் இருக்கும், அதையும் தொடாதீங்க.

சாதத்துலயே ஒரு வழி இருக்கு. வடிச்ச சாதத்தை ஆற வெச்சு குளிர்ந்ததுக்கப்புறம் சாப்பிட்டா அதுல ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச் கொஞ்சம் கூடும், அது சிறுகுடல்ல செரிக்காம பெருங்குடல் பாக்டீரியாவுக்கு சாப்பாடா போகும். 2014ல டயாலிசிஸ் பேஷண்ட்ஸுக்கு ஆறு வாரம் மக்காச்சோள ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச் குடுத்துப் பார்த்த ஒரு ஆய்வுல இண்டாக்சில் சல்பேட் குறைஞ்சுது. அது சப்ளிமெண்டா குடுத்த அளவு, ஆறின சாதத்துல கிடைக்கிறது அதை விட கம்மி தான், ஆனா செலவில்லாத விஷயம். பழைய சோறா சாப்பிடறதா இருந்தா அந்தத் தண்ணியும் உங்க நாள் கணக்குல சேரும், உப்பு அள்ளிப் போடக் கூடாது, ஊறுகாய் கூடாது, சுகர் இருந்தா அளவு பார்க்கணும். டிரான்ஸ்பிளான்ட் பண்ணினவங்க ராத்திரி முழுக்க வெளிய வெச்ச சோறு சாப்பிடவே கூடாது, கிருமி தாங்காது.

நார்ச்சத்தை ஒரே நாள்ல ஏத்தினா வயிறு உப்பிப் போய் ரெண்டாவது நாளே விட்டுடுவீங்க. வாரத்துக்கு ஒரு மாத்தம் போதும்.

ஸ்டெப் 5: பாஸ்பேட், பாக்கெட்ல இருக்கிறது தான் எதிரி

பருப்பு, சிறுதானியத்துல இருக்கிற பாஸ்பேட்ல பாதி அளவு தான் குடல்ல ஏறும், ஏன்னா அது ஃபைட்டேட்டா, அதாவது நம்ம குடலால சரியா உடைக்க முடியாத வடிவத்துல, கட்டுப்பட்டிருக்கு. கறி, மீன், பால்ல இருந்து அதை விட அதிகம் ஏறும். ஆனா பாக்கெட் சாப்பாட்டுல சேர்க்கிற பாஸ்பேட் உப்பு கிட்டத்தட்ட முழுசாவே ஏறிடும். 2011ல ஒரு சின்ன ஆய்வுல அதே கிட்னி பேஷண்ட்ஸ் ஒரு வாரம் சைவமும் ஒரு வாரம் அசைவமும் சாப்பிட்டாங்க, பாஸ்பரஸ் அளவு ரெண்டுலயும் ஒண்ணு தான், ஆனா சைவ வாரத்துல ரத்தத்துல பாஸ்பேட்டும் எஃப்ஜிஎஃப்-23யும் குறைஞ்சுது. அதனால பருப்பை பார்த்து பயப்படறதுக்கு முன்னாடி கோலா, பிராசஸ்டு சீஸ், சாசேஜ், நக்கெட்ஸ், பாக்கெட் கேக் இதை நிறுத்துங்க.

லேபிள்ல பாஸ்பேட்னு எழுத மாட்டாங்க, ஐஎன்எஸ் நம்பர் (உணவுல சேர்க்கிற பொருளுக்கான குறியீடு) தான் இருக்கும். 338ல இருந்து 341 வரைக்கும், அப்புறம் 450, 451, 452. இந்த ஏழு நம்பரை போன்ல சேவ் பண்ணி வெச்சுக்கங்க, பார்த்தா வாங்காதீங்க. கருவாடு, முள்ளோட சாப்பிடற நெத்திலி கூட பாஸ்பேட் அதிகம்.

பைண்டர் மாத்திரை எழுதியிருந்தா அது சாப்பாட்டோட சேர்த்து போடணும், சாப்பாட்டுல இருக்கிற பாஸ்பேட்டை குடல்லயே பிடிச்சு மலத்துல தள்றது தான் அதோட வேலை. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஞாபகம் வந்து போட்டா வேஸ்ட். இப்ப குடலையே குறி வெச்சு வேற வகை மருந்தும் வந்திருக்கு, டெனபனோர்னு, குடல் செல்களுக்கு நடுவுல பாஸ்பேட் நுழையறதை குறைக்கும், அமெரிக்காவுல 2023 அக்டோபர்ல டயாலிசிஸ் பேஷண்ட்ஸுக்கு அனுமதி குடுத்தாங்க, பேதி தான் அதோட பெரிய பக்க விளைவு.

ஸ்டெப் 6: புரோட்டீன் அளவு

டயாலிசிஸ் ஆரம்பிக்காத, சுகர் இருக்கிறவங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.6ல இருந்து 0.8 கிராம், டயாலிசிஸ்ல இருந்தா 1.0ல இருந்து 1.2 கிராம்னு 2020 அமெரிக்க கிட்னி டயட் கைட்லைன் சொல்லுது. டயாலிசிஸ் ஆரம்பிச்சும் பழைய பயத்துல புரோட்டீனை குறைச்சே சாப்பிடறவங்க தசை கரைஞ்சு தடுமாறி விழறாங்க, எலும்பு உடையறது அப்படித் தான். முட்டை வெள்ளைக்கரு நல்ல தேர்வு, பாஸ்பேட் ரொம்ப கம்மி. ஒரே வேளைல மொத்தமா சாப்பிடாம பிரிச்சு சாப்பிடுங்க.

ஸ்டெப் 7: தயிர், புரோபயாடிக், கரி மாத்திரை

வீட்ல உறை ஊத்தின தயிர் சின்ன கப் ஒண்ணு, உங்க பாஸ்பேட் பொட்டாசியம் கணக்குக்குள்ள வந்தா தாராளமா சாப்பிடுங்க. மோரா குடிச்சா தண்ணி கணக்கு. புரோபயாடிக் மாத்திரை பத்தி ஆஸ்திரேலியாவுல 2016ல வந்த சினர்ஜி ட்ரையல்ல நல்ல பாக்டீரியாவும் அதுக்கு சாப்பாடான நாரும் சேர்த்துக் குடுத்தப்ப பி-கிரசில் சல்பேட் குறைஞ்சுது, இண்டாக்சில் சல்பேட் பெருசா குறையலை. காசு செலவு பண்றதுக்கு முன்னாடி ஸ்டெப் 2ம் 4ம் சரியா செய்யுங்கன்னு தான் நான் சொல்வேன். டிரான்ஸ்பிளான்ட் பண்ணி இம்யூனிட்டி குறைக்கிற மருந்து எடுக்கிறவங்க புரோபயாடிக்கை கேக்காம தொடவே கூடாது.

ஜப்பான்ல 1991ல இருந்து குடல் நச்சை உறிஞ்சற ஒரு கரி மருந்து இருக்கு, ஆனா பெரிய சர்வதேச ட்ரையல்ல அது கிட்னி கெடறதை தள்ளிப்போட்டதா வரலை. அதனால ஆன்லைன்ல டீடாக்ஸ்னு விக்கிற சார்க்கோல் கேப்ஸ்யூலை வாங்காதீங்க, நீங்க போடற மத்த மருந்தையும் சேர்த்து உறிஞ்சிடும். வைட்டமின் கே மாத்திரையும் அப்படித் தான், ஆய்வுகள்ல ரத்தத்துல அதோட மார்க்கர் (குறைபாட்டைக் காட்டற அளவு) சரியாச்சு, ரத்தக்குழாய்ல கால்சியம் படியறது நிக்கலை. வார்ஃபரின் (ரத்தம் உறையாம இருக்க தர மருந்து) போடறவங்க கீரையை திடீர்னு கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

ஸ்டெப் 8: ஆசிட்டையும் எலும்பையும் நேரா பாருங்க

பைகார்பனேட் குறைவா இருந்தா உடம்பு அந்த ஆசிடை சமன் பண்ண எலும்புல இருந்து தான் காரத்தை எடுக்கும். 22க்கு கீழ இருந்தா டாக்டர்கிட்ட கேளுங்க, சோடா மாத்திரை தரலாம், காய் பழம் கூடினாலே கூட கொஞ்சம் சரியாகும். சமையல் சோடாவை நீங்களா கலக்கிக் குடிக்காதீங்க, சோடியம் ஏறி கால் வீங்கும்.

டெக்ஸா (எலும்பு அடர்த்தி பார்க்கிற) ஸ்கேன் ரிசல்ட்டால ட்ரீட்மெண்ட் மாறும்னா கிட்னி பேஷண்டுக்கும் எடுக்கலாம்னு 2017 கேடிகோ கைட்லைன் சொல்லுது. ஆனா ஸ்கேன்ல எலும்பு தேய்மானம்னு வந்ததும் வேற கிளினிக்ல நேரா ஊசி போட்டுக்காதீங்க. எலும்பு கரையறதைத் தடுக்கத் தர டெனோசுமாப் ஊசியால கிட்னி ரொம்ப பாதிச்சவங்களுக்கு, முக்கியமா டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்கு, கால்சியம் ஆபத்தான அளவு இறங்கலாம்னு 2024 ஜனவரில அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பெட்டி கட்டி எச்சரிக்கை போட்டிருக்கு. நெஃப்ராலஜிஸ்ட் சம்மதம் இல்லாம எந்த எலும்பு ஊசியும் வேண்டாம்.

தினமும் நடங்க, குடலும் அசையும் எலும்பும் பலப்படும். டயாலிசிஸ் முடிஞ்சு எழுந்ததும் பிரஷர் இறங்கி தள்ளாடும், ரெண்டு நிமிஷம் உட்கார்ந்துட்டு எழுங்க, ராத்திரி பாத்ரூம் போற வழில லைட் போட்டு வையுங்க.

எப்ப திரும்ப டெஸ்ட்

நார்ச்சத்து, காய் பழம் கூட்டினதுக்கு அப்புறம் ஒண்ணு ரெண்டு வாரத்துக்குள்ள பொட்டாசியம் பாருங்க, மூணு மாசம் காத்திருக்காதீங்க. பாஸ்பரஸ், கால்சியம் அடுத்த மாசம், பிடிஎச் டாக்டர் சொல்ற இடைவெளில. இதுக்கு நடுவுல கை கால் திடீர்னு பலம் இல்லாம போறது, நெஞ்சு படபடப்பு, உதட்டைச் சுத்தி மரத்துப் போறது, விரல் இழுத்துக்கறது, ரெண்டு மூணு நாளா மோஷனும் கேஸும் போகாம வயிறு கல்லு மாதிரி வீங்கி வாந்தி வர்றது, கீழ விழுந்ததுக்கப்புறம் இடுப்புல பாரம் ஊன முடியாதது, இதுல எது வந்தாலும் அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரைக்கும் பொறுக்காம அன்னைக்கே எமர்ஜென்சிக்கு போங்க, போகும்போது அந்த நோட்டையும் மாத்திரை பையையும் எடுத்துக்கங்க.